ஃபீடருக்கு ஆள் கிடைக்கிற வரைக்கும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் மறுபடியும் கணக்கு டீச்சராகப் போய்விடுவேன் என்றுதான் வீட்டில் பேச்சு இருந்தது. யாரும் அதை மறுத்ததில்லை. மறுக்காததை எல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டேன்.

குழந்தை பிறப்பதற்கு முன் நான் திருச்செங்கோட்டில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் கணக்கு எடுத்தேன். பிரசவத்துக்காக பள்ளிபாளையத்தில் என் அம்மா வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது மகளுக்குக் கழுத்து நின்றிருந்தது. "பாப்பாவுக்கு ஒரு வயசு தாண்டட்டும், நானே கூப்பிடுறேன்" என்று பிரின்சிபால் மேடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நாள் ஓட்டினேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

கணவர் வீட்டுத் தொழில் அச்சகம். சங்ககிரி போகிற ரோட்டில், தகர ஷெட் போட்ட நீளமான கட்டடம். மாமனார் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஆர்டர் பிடிப்பார். கணவர் ஆஃப்செட் மெஷின் ஓட்டுவார். பின்பக்கம் பைண்டிங், அங்கே பெண்கள். கோழித் தீவனத்துக்கு லேபிள், லாரி ஆபீஸுக்கு பில் புத்தகம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்களுக்கு நோட்டீஸ், முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை. மாமியார் பகல் முழுவதும் தோட்டத்தில் இருப்பார். மாடு, மஞ்சள், கூலி ஆட்கள் என்று அவருக்கு அங்கே தலைக்கு மேல் வேலை.

மெஷினில் ஃபீடர் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் காலையில் வந்து, நின்றபடியே சொன்னார்: "அண்ணா, நான் ரிக் வண்டிக்குப் போறேனுங்க. சத்தீஸ்கருக்கு வண்டி கெளம்புது."

"ஏப்பா, இங்க உனக்கு என்ன கொறை?" என்றார் மாமனார்.

"கொறையெல்லாம் இல்லைங்க. அங்க மண்ணுக்குள்ள ஓட்டை போட்டாச் சோறு. இங்க காயிதத்தைத் தடவித் தடவிக் கையில ரேகையே போச்சுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அன்று மதியம் மாமனார் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஏஞ்சாமி, நீ படிச்ச புள்ளை. ஒரு நாலு நாளைக்கு அந்த ஃபீடர்கிட்ட நில்லு. ஆள் கெடைக்கற வரைக்குந்தான். பாப்பாவையும் அங்கயே கூட்டிக்க."

அந்த 'வரைக்குந்தான்' இருக்கிறதே, அதுதான் என்னை ஒப்புக்கொள்ள வைத்தது. முடிவு தெரிந்த வேலை என்று நினைத்தேன்.

அடுக்கிய தாளிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து மெஷினுக்குள் அனுப்புவதுதான் ஃபீடரின் வேலை. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஒன்றை மட்டும் என்பதில்தான் அத்தனை பாடும். பின்பக்கத்திலிருந்து காற்று ஊதும். மேலே உள்ள சில தாள்கள் மிதக்கிற மாதிரி எழும். சக்கர் என்று சொல்லப்படும் ரப்பர் வாய்கள் இறங்கி மேல்தாளின் பின்விளிம்பை உறிஞ்சித் தூக்கும். அடியில் காற்று புகுந்து அந்தத் தாளைப் பிரிக்கும். அடுத்த ஜோடி சக்கர்கள் அதை வாங்கி முன்னால் தள்ளும். பிறகு தாள்கள் நாடாக்களின் மேல் ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறியபடி, ஓடு வேய்ந்த கூரை நகர்வதுபோல் சரிந்து போகும். கடைசியில் ஒரு தடுப்பில் முட்டி நின்று, பக்கவாட்டில் ஒரு சின்ன இழுப்பு வாங்கி நேராகி, உருளைகளுக்குள் போய்விடும்.

தாளை அப்படியே தூக்கி வைத்தால் ஓடாது. ஒரு கைப்பிடி எடுத்து வளைத்து, விளிம்புகளை விசிறி மாதிரி விரித்து, நடுவில் காற்று போகவிட்டு, தட்டி நேராக்கி அடுக்க வேண்டும். நான் முதன்முதலில் அதைச் செய்தபோது பைண்டிங்கிலிருந்து ஒரு அக்கா எட்டிப் பார்த்துக் கூவினார்: "வந்து பாருங்கடி, டீச்சரம்மா பேப்பருக்கு வேப்பலை அடிக்கறாங்கோ! பேய் எறங்குச்சுங்களா டீச்சர்?"

"இன்னும் இல்லைங்க அக்கா. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்குது" என்றேன்.

அந்த நாட்களில் எனக்கு விளையாட்டாகப் பேச முடிந்தது.

தாள் வைக்கிற அறைக்கும் மெஷின் ஹாலுக்கும் நடுவில் ஒரு கதவு. தாள் அறையின் இரும்பு உத்தரத்தில் சேலை கட்டித் தொட்டில் போட்டுக்கொடுத்தார் கணவர். கதவைத் திறந்து வைத்தால் ஃபீடர் பக்கத்திலிருந்தே தொட்டில் தெரியும். அது நல்லதுதானா என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன். அச்சான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, அவை வந்து விழுகிற டெலிவரி பக்கத்தில் ஒரு வெள்ளைப் பவுடர் தூவப்படும்; மாவு மில்லில் நிற்கிற மாதிரி சாயங்காலத்துக்குள் எல்லாவற்றின் மேலும் ஒரு பூச்சு படிந்துவிடும். குழந்தைக்கு மூக்கு அடைத்தால் அதனால்தான் என்று நினைப்பேன். கதவை மூடினால் குழந்தை தெரியாது; திறந்தால் பவுடர். துணித் திரை போட்டேன். திரையைத் துவைக்க வேண்டுமே, துவைத்தால் காய்வதற்குள் என்ன செய்வது என்று இன்னொரு திரை தைத்தேன். டாக்டர், தூசி இல்லாத இடமாகப் பார்த்துப் படுக்க வையுங்கள் என்றார். அதை வீட்டில் சொன்னபோது மாமியார், "கோழிப்பண்ணைக்குப் பக்கத்துல பொறந்து வளந்ததுகளெல்லாம் மூச்சில்லாமயா திரியுதுக? எல்லாம் படிச்ச பயம்" என்றார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் அடுத்தவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

மகள் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டாள். காற்று பம்ப் கிளம்பி, சக்கர்கள் சீராகத் தட்ட ஆரம்பித்ததும் கண் சொருகும். மெஷின் நின்றால் விழித்துக்கொள்வாள். விழித்தால் அழுகைதான், என் இடுப்பில் ஏறும் வரைக்கும் நிற்காது. மெஷின் மறுபடி ஓட நான் ஃபீடரில் இருக்க வேண்டும். நான் ஃபீடரில் இருக்க அவள் தூங்க வேண்டும். அவள் தூங்க மெஷின் ஓட வேண்டும். எங்கள் பகல்கள் இப்படித்தான் போயின.

இரண்டு பேர் ஃபீடர் வேலை கேட்டு வந்தார்கள். ஒருவரை மெஷின் ஓட்டிக் காட்டச் சொல்வதற்குள் அவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. இன்னொருவர் சில நாள் வந்தார், பிறகு வரவில்லை. அதன் பிறகு யாரும் வரவில்லை. யாரும் தேடவும் இல்லை என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது.

நான் வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டதுதான் காரணம். அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. கனமான அட்டைக்குக் காற்றைக் கூட்டி, மெல்லிய தாளுக்குக் குறைத்து, மழைக்காலத்தில் விளிம்பு சுருண்டால் தாளைத் திருப்பி அடுக்கி, கட்டிங் மெஷின் கத்தி மழுங்கி விளிம்பில் தாள்கள் ஒட்டிக்கொண்டால் கையால் உடைத்துவிட்டு என்று எல்லாம் பழகிப்போனது. ஒரு நாள் ஆபீஸ் அறையில் ஒரு தீவனக் கம்பெனிக்காரரிடம் மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆளே வேண்டாமுங்க இப்ப. என்ற மருமவ நிக்கறா பாருங்க, அவளாட்ட ஃபீடர் பாக்க இந்தச் சுத்துவட்டாரத்துல ஆருமில்லை. எம்.எஸ்ஸி., பி.எட்.டுங்க."

பெருமையாகத்தான் சொன்னார். நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாராட்டு என்று நினைத்து ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். அடுத்த நிமிடம்தான் அதன் அர்த்தம் உறைத்தது.

அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்டேன். "ஏனுங்க, ஜூன்ல நான் ஸ்கூலுக்குப் போவேன்னு மாமாவுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்கும் இருக்கும். இப்பத்தான பிப்ரவரி."

"ஆள் பாக்கோணுமல்ல?"

"பாத்துக்கலாம் விடு. நீ எதையும் முன்னாலயே நெனச்சு நெனச்சு ஒடம்பைக் கெடுத்துக்கற."

கோடை தொடங்கும்போது பிரின்சிபால் மேடமே போன் செய்தார். கணக்குக்கு ஓர் இடம் காலியாகிறது, ஜூனில் வந்து சேரலாம், தாளாளரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். பேச்சோடு பேச்சாக, இந்த வருடம் மாணவர் டைரியை எங்கே அச்சடிப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். எங்கள் அச்சகத்தில் செய்து தருகிறோம் என்று நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அப்போது அது எனக்கு இரண்டு கரையையும் சேர்க்கிற பாலம் மாதிரி தெரிந்தது. வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. "பாரு, உன்ற பள்ளிக்கோடத்தால நமக்கும் ஒரு ஆர்டர்" என்றார் மாமனார். 'உன்ற பள்ளிக்கோடம்' என்று அவர் வாயால் வந்ததே போதும் என்றிருந்தது எனக்கு.

டைரியை ஏப்ரலில் அச்சடித்தோம். ஒரு பெரிய தாளில் அச்சாகி மடிகிற பக்கங்களைப் பாரம் என்போம். முதல் பாரத்தில் கடவுள் வாழ்த்து, பள்ளி விதிகள், தாளாளரின் படமும் வாழ்த்துச் செய்தியும். மீதியெல்லாம் வீட்டுப்பாடம் எழுதுகிற கோடு போட்ட பக்கங்கள். முழுக்க நீல மை. ஷெட்டுக்குள் அனல். அப்படிப்பட்ட வறண்ட வெயிலில் தாளில் மின்சாரம் ஏறிக்கொள்ளும். ஒன்றை எடுத்தால் இன்னொன்று கூடவே ஒட்டிக்கொண்டு வரும். தரையில் தண்ணீர் தெளித்தோம். ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டோம். விசிறி விசிறி என் கட்டைவிரல் வீங்கிப்போனது. அப்படியும் இரட்டைத் தாள் போய்க்கொண்டே இருந்தது.

இரட்டையாகப் போனால் மெஷினே நிற்பதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. நாடாக்களுக்கு மேல் ஒரு சின்னச் சக்கரம், தாளைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். வழக்கமான கனத்துக்கு மேல் ஒரு தாள் கூடினால் அது உருண்டு ஒரு சுவிட்சைத் தட்டும், மெஷின் நின்றுவிடும். அதைக் கண்ட்ரோல் என்போம். தாள் மாறும்போதெல்லாம் அதே தாளில் துண்டு கிழித்து அடியில் கொடுத்து அதை நான்தான் சரிசெய்வேன். அன்று கண்ட்ரோல் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மெஷின் நின்று நின்று ஓடியது. நின்ற ஒவ்வொரு தடவையும் மகள் விழித்து அழுதாள். நான் ஓடுவேன், தூக்குவேன், ஆட்டுவேன், கண் மூடுவாள், திரும்பி வந்து தாளைச் சரிசெய்வேன், ஓடும், நிற்கும். வெக்கையில் அவள் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது குரல் கம்மிவிட்டது. பைண்டிங் அக்கா ஒருவர் வந்து, "டீச்சர், புள்ளைக்குத் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் டெலிவரி பக்கத்திலிருந்து வந்தார். பைண்டிங் நூலில் ஒரு துண்டை எடுத்தார். அந்தச் சின்னச் சக்கரத்தை மேலே தூக்கி, கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினார்.

"என்னங்க பண்றீங்க?"

"புள்ளை கொஞ்சம் தூங்கட்டும். நீ போய்ப் பால் குடு."

"டபுள் போனா நிக்காதுங்களே."

"நான் டெலிவரில நிக்கறனல்லோ? வெள்ளையா வந்தா எனக்குத் தெரியாதா? போ புள்ள, மூஞ்சியைப் பாரு, நீயே அழுதுருவியாட்ட இருக்குது."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். என் தோளில் கையை வைத்துக் கதவுப் பக்கம் லேசாகத் தள்ளினார். நான் இதைப் பல தடவை திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். கோபப்பட வேண்டிய இடத்தில் அந்தக் கை குறுக்கே வந்து நிற்கிறது.

டெலிவரியில் நின்றால் தெரியாது என்பது எனக்கு அப்போதே தெரியும். இரண்டு தாள் சேர்ந்து உள்ளே போனால் மேல்தாளில் அச்சு விழும், அடித்தாள் அப்படியே வெள்ளையாக வரும். இரண்டும் ஒன்றாகவே வந்து விழும். நிற்பவர் கண்ணுக்கு மேல்தாள்தான் தெரியும். வெள்ளை அடியில் போய்விடும். இதை அவரிடம் சொன்னேன். "ஒரு அரை மணி நேரத்துக்குத்தான், அவுத்து உட்டுர்றேன்" என்றார். நான் போய்த் தாள் அறையில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மகள் மார்பிலேயே தூங்கிவிட்டாள். அவ்வளவு சீராக அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் அவிழ்க்கவில்லை, மறந்துவிட்டார். தாளாளரின் படம் இருந்த பாரம் முழுவதும் அப்படியே ஓடி முடிந்தது. மறுநாள் அதே தாள்களின் பின்பக்கத்தை ஓட்டுவதற்காக நான் ஃபீடரைச் சரிசெய்ய வந்தபோது நூல் அப்படியே இருந்தது. அறுத்துப்போட்டேன். "கட்டைப் பிரிச்சு ஒவ்வொரு தாளா ஒரு தடவை பாத்தரலாமுங்க" என்று கணவரிடம் கேட்டேன். மாமனாரிடமும் கேட்டேன். "இதென்ன ரூவா நோட்டு அடிக்கறமா, ஒண்ணொண்ணாப் பாக்கறதுக்கு? பைண்டிங்ல மடிக்கறப்பத் தெரியும், அவியள் பாத்துக்குவாங்க" என்றார் மாமனார். பைண்டிங்கில் எல்லோரும் வேகமாக மடிக்கிறவர்கள். மடிக்கும்போது பின்பக்க அச்சு மேலே இருந்தால் முன்பக்க வெள்ளை உள்ளே மடிந்துவிடும். நான் இரண்டு மூன்று கைப்பிடி எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. சரியாக இருந்தது என் துரதிர்ஷ்டம்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று பெற்றோர் கூட்டம். நான் சேர வேண்டியது அடுத்த வாரம். அங்கே நடந்ததைப் பிரின்சிபால் மேடம் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாளாளர் மேடையில் நின்று, இந்த வருடத்து டைரியைப் பற்றிப் பேசிவிட்டு, பக்கத்தில் இருந்த கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, "முதல் பக்கத்தில் நான் உங்களுக்கு எழுதியிருப்பதைப் படியுங்கள்" என்று சொல்லித் திறந்து காட்டினாராம். அவர் கையில் இருந்த டைரியில் அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது. முன் வரிசையில் யாரோ ஒரு அப்பா, "சார், உங்க மனசாட்டவே சுத்தமா இருக்குதுங்க" என்று சொல்ல, கூட்டமே சிரித்துவிட்டதாம். வேறு சமயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

போன் அச்சகத்துக்கு வந்தது. மாமனார் பேசிவிட்டு என்னையும் கணவரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். மாமியாரும் அன்று அங்கே இருந்தார், தோட்டத்திலிருந்து காய் கொண்டுவந்திருந்தார். மகள் என் இடுப்பில்.

"அந்த மொதப் பாரம் ஓடறப்ப ஃபீடர்ல ஆரு நின்னது?" என்று கேட்டார் மாமனார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மேஜை மேல் இருந்த ஸ்டேப்ளரை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அவதான். பாப்பா அழுதுச்சு. நடுவுல போயிட்டா" என்றார்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அடுத்த வாக்கியத்தை அவரே சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன்: "கண்ட்ரோலைக் கட்டி வெச்சிருந்துச்சுங்க மாமா."

"ஆரு கட்டினது?"

கணவர் ஸ்டேப்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மெஷின் நின்னு நின்னு புள்ளை எந்திரிச்சுட்டே இருந்துச்சுப்பா. அதுக்கோசரம்" என்றார்.

மாமனார் முகம் இளகிவிட்டது. மகன் பக்கம் திரும்பவே இல்லை, என்னைப் பார்த்தார். "புள்ளைக்காகத்தான கட்டியிருக்கறான். நீ அவுத்திருக்கோணுமல்லோ சாமி? படிச்சவ, உனக்குத் தெரியாதா?"

"சொன்னேனுங்க மாமா. கட்டைப் பிரிச்சுப் பாக்கலாமுன்னும் உங்ககிட்டக் கேட்டேனுங்களே."

"கேட்ட, கேட்ட. அழுத்திச் சொல்லோணுமல்ல?"

மாமியார் பையிலிருந்து கத்தரிக்காய்களை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "அவ நெனப்பு இங்கெங்க இருந்துச்சு? ஒடம்பு இங்க, மனசு பள்ளிக்கோடத்துல."

மகள் என் தாலிக்கொடியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்துவிட்டேன். மறுபடி கடித்தாள். சொல்லாமல் இருந்தால் உண்மை தெரியாமல் போய்விடுமே என்றுதான் அதுவரை பயந்திருந்தேன். சொன்ன பிறகு அது எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் நகரவில்லை. வந்த இடத்திலேயே பழி உட்கார்ந்துகொண்டது, கூட என் குழந்தையையும் சேர்த்துக்கொண்டு.

அந்தப் பாரத்தைத் திரும்ப அச்சடித்து, கெட்டுப்போன டைரிகளை வாங்கி மாற்றிக் கட்டிக்கொடுத்தோம். புதுக் கட்டுகளைப் பள்ளியில் இறக்குவதற்கு டெம்போவில் நானும் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. மேடத்தை நேரில் பார்த்தால் பேசிவிடலாம் என்று நினைத்தேன். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டேன். பிறகு, டைரி இறக்கப் போகிறவளுக்கு இந்தப் புடவை எதற்கு என்று தோன்றி மாற்றிக்கொண்டேன். பிறகு மறுபடியும் முதல் புடவையையே கட்டினேன்.

மேடம் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "அந்த போஸ்ட் ஃபில் ஆயிடுச்சும்மா" என்றார்.

"ஜூன்ல வரச் சொன்னீங்க மேடம்."

"சொன்னேன். நான் எத்தனையோ பேசிப் பார்த்தேன். தாளாளர் சார் ஒரே வார்த்தைதான் கேட்டார், ஃபீடர்ல நின்னது அந்தப் பொண்ணுதானான்னு. உங்க மாமனார்தான் அப்புறம் போன்ல அப்படிச் சொல்லியிருக்கார். நீதான் நின்னியா?"

பள்ளியில் இடைவேளை மணி அடித்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வராண்டாவில் ஓடினார்கள். இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்து, யாரோ புது டீச்சர் என்று நினைத்துக்கொண்டு, "குட் மார்னிங் மிஸ்" என்றார்கள்.

நூலைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் கணவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும். சொன்னாலும் இங்கே தாளாளர் என்று இன்னொரு மாமனார்தான் இருக்கிறார். நீ அவிழ்த்திருக்கலாமே என்பார். "ஆமாங்க மேடம், நான்தான் நின்னேன்" என்றேன். மேடம் என் கையைத் தட்டிக்கொடுத்தார். வெளியே டெம்போக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மாமனார் ஆபீஸ் அறையிலிருந்து ஒரு போன் போட்டார். நான் வாசலில் மகளுக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு காதில் விழுந்தது. நாமக்கல்லில் பழக்கப்பட்ட அச்சகக்காரர் ஒருவரிடம் பேசினார். "ஃபீடருக்கு ஒரு ஆள் வேணுமுங்க... ஆமாங்க... ஊட்டுப் பொம்பளைகளை நிறுத்தி வெச்சா இப்படித்தான் ஆவுதுங்க." அவ்வளவுதான். ஒரே போன். அந்த வாரத்திலேயே ஆள் வந்துவிட்டார். கலியாணமாகாத, அமைதியான மனிதர். நாமக்கல்லில் ஒரு சின்ன அச்சகம் மூடியதிலிருந்து இப்படி ஓர் இடத்துக்காகக் காத்திருந்ததாகச் சொன்னார். போன வருடத்திலிருந்தே காத்திருந்தாராம்.

அன்று ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது கணவரிடம் கேட்டேன். மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தாள்.

"இந்தப் போனைப் போன வருசமே போட்டிருக்கலாமல்லங்க?"

"நீ நல்லாத்தான பாத்துட்டு இருந்த" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் அன்னைக்கு அப்பாகிட்டச் சொல்லியிருக்கோணும்" என்றார்.

"இப்பச் சொல்லுங்க."

"இப்ப எதுக்கு அதெல்லாம். முடிஞ்சு போச்சல்ல?"

எதிரில் ஒரு ரிக் வண்டி வந்தது. ஓரமாக நிறுத்தினார். அது தாண்டிப் போகும் வரை மூவரும் புழுதியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம்.

புது ஆள் வந்த பிறகு என்னைப் பைண்டிங்கில் உட்காரச் சொன்னார்கள், மடித்த பாரங்களைப் புரட்டி வெள்ளைப் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. சில நாள் பார்த்தேன். புது ஆள் கண்ட்ரோலைச் சரியாக வைத்திருந்தார். ஒரு வெள்ளையும் கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் எழுந்து ஆபீஸ் அறைக்குப் போனேன். போகும் வழியிலேயே வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மரியாதை குறையக் கூடாது, அழக் கூடாது, குரல் இறங்கவும் கூடாது. கதவருகில் ஒரு முறை திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"மாமா, திங்கட்கிழமையிலிருந்து நான் பிரஸ்ஸுக்கு வரலைங்க."

இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என்ன கேட்பார், என்ன பதில் சொல்வது என்று எல்லாம் தயாராக வைத்திருந்தேன். பாப்பாவின் மூச்சு, டாக்டர் சொன்னது, வேறு பள்ளிகளில் கேட்டுப் பார்ப்பது, இந்த வருடம் எல்லா இடமும் நிரம்பியிருக்கும், அடுத்த வருடத்துக்காவது.

மாமனார் ஒரு கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அதுக்கென்ன சாமி. ஆள்தான் வந்தாச்சே" என்றார்.

திங்கட்கிழமை நான் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.